காவலர் கை மாறிய துப்பாக்கி

என் இளமைக் காலத்தில் எங்கள் ஊர்த் தெருவில் வாரம் ஒருமுறை ஒரு வணிகர் தள்ளுவண்டியுடன் வருவார். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று அவர் கூவும் குரல் தெருக்கோடியில் எழுந்ததுமே, சிறுவர்களாகிய நாங்கள் கொல்லைப்புறத்துக்கு ஓடுவோம். உடைந்த பூட்டு, துருப்பிடித்த தாழ்ப்பாள், காம்பு போன கரண்டி எனக் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து வண்டியைச் சூழ்ந்து நிற்போம். அவர் இரும்பைக் கையில் தூக்கிப் பார்த்து, ஒரு பிடிப் பழத்தைக் காகிதத்தில் மடித்துத் தருவார். அந்த இரும்பு பிறகு எங்கே போயிற்று என்று நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. உருக்கும் உலைக்குப் போயிருக்கும். வேறொரு பூட்டாகவோ தாழ்ப்பாளாகவோ மீண்டும் பிறந்திருக்கும். அதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்திருக்க வழியில்லை.

பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறும் இவ்வழக்கம் உலகெங்கும் உள்ளது. பாத்திரக் கடையிலும் உண்டு. வாகனக் கடையிலும் உண்டு. குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் கொடுக்கப்படும் பழம்பொருள் ஒரு துப்பாக்கியானால்? அதனைக் கொடுப்பவர் மக்களைக் காக்கும் பொறுப்புடைய காவல் துறையினரானால்? அந்தத் துப்பாக்கி உலைக்குப் போகாமல் கடைக்குப் போனால்? இவ்வினாக்கள் வெறும் கற்பனை அல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சென்ற நூற்றாண்டின் இறுதியில், இவை வழக்கு மன்றங்கள் வரை சென்ற உண்மையான வினாக்கள். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். 1829ஆம் ஆண்டில் ராபர்ட் பீல் என்பவர் இலண்டன் மாநகரத்துக்கு ஒரு காவற்படையை அமைத்தபோது, அதன் காவலர் கையில் ஒரு மரத்தடியை மட்டுமே கொடுத்தார். இன்றும் இங்கிலாந்தில் சாலைகளில் சுற்றிவரும் காவலருள் பெரும்பாலோர் துப்பாக்கி ஏந்துவதில்லை. அமெரிக்காவின் கதை வேறு. அங்கே குடிமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அந்நாட்டு அரசியல் சட்டமே உரிமையாக ஏற்றுள்ளது. குடிமகன் கையில் துப்பாக்கி இருக்கும் நாட்டில் காவலனும் துப்பாக்கி ஏந்தலானான்.

அந்நாட்டைச் சேர்ந்த சாமுவேல் கோல்ட் என்பவர் 1836ஆம் ஆண்டில் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ரிவால்வர் என்று நாம் சொல்வது இதனைத்தான். தோட்டாக்களைத் தாங்கிய ஓர் உருளை, ஒவ்வொரு முறை சுடும்போதும் சற்றே சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழாய்க்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். இந்த எளிய அமைப்பே ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அமெரிக்கக் காவலரின் துணையாக விளங்கிற்று.

ஆயினும் தொடக்கத்தில் இதில் ஓர் ஒழுங்கு இருக்கவில்லை. நியூயார்க் நகரத்தில் காவலர்கள் தத்தமக்குக் கிடைத்த துப்பாக்கிகளை வைத்திருந்தனர். முறையான பயிற்சியும் இல்லை. பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1895ஆம் ஆண்டு முதல் 1897ஆம் ஆண்டு வரை அந்நகரக் காவல் ஆணையர் குழுவின் தலைவராக இருந்தார். அவர் 1896ஆம் ஆண்டில் எல்லாக் காவலர்க்கும் ஒரே வகையான .32 அங்குலச் சுழல் துப்பாக்கியை வகுத்துக் கொடுத்தார். குறிபார்த்துச் சுடும் பயிற்சியையும் ஏற்படுத்தினார். காவலனுடைய ஆயுதம் அவனுடைய தனிப்பட்ட விருப்பத்துக்கு உரியதன்று, துறையின் பொறுப்புக்கு உரியது என்னும் கருத்து இங்ஙனம் அந்நகரில் வேரூன்றியது. இக்கருத்தை நினைவில் வையுங்கள். இவ்வுரையின் இறுதியில் மீண்டும் இதனிடம் வருவோம்.

1899ஆம் ஆண்டில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் .38 அங்குலத் தோட்டாவுக்குரிய ஒரு சுழல் துப்பாக்கியை வெளியிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயரே 'இராணுவமும் போலீசும்' என்பதாகும். அது ஆறு தோட்டா கொள்வது, உறுதியானது, எளிதில் பழுதாகாதது, பழகுவதற்கு இலகுவானது. பிற்காலத்தில் 'மாதிரி 10' என்று எண்ணிட்டு வழங்கப்பட்ட இத்துப்பாக்கி, 60 இலட்சத்துக்கும் மேலாகச் செய்து விற்கப்பட்டது. தந்தை இடையில் அணிந்த அதே வகைத் துப்பாக்கியை மகனும் அணிந்து பணி செய்த காலம் அது. துப்பாக்கியை அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற எண்ணமே அன்று எவருக்கும் எழவில்லை.

அவ்வாறாயின் மாற்றம் எப்படி வந்தது? வரலாற்றில் பெரும் மாற்றங்கள் பலவும் ஏதேனும் ஒரு துயரத்தின் வாயிலாகவே வருகின்றன. இதுவும் அப்படியே.

சுழல் துப்பாக்கிக்கு ஒரு குறை உண்டு. ஆறு குண்டுகளும் தீர்ந்தபின், வெற்றுத் தோட்டாக்களை உதறிவிட்டு, புதியவற்றை ஒவ்வொன்றாக இட்டு நிரப்ப வேண்டும். நடுங்கும் விரல்களுக்கு அது எளிய வேலையன்று. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கலிபோர்னியாவில் நியூஹால் என்னுமிடத்தில், நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் இரு குற்றவாளிகளால் சில நிமிடங்களுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நால்வரும் இளைஞர்கள். அவர்களுள் ஒருவர், ஆறு தோட்டாக்களையும் சுட்டுத் தீர்த்து, மீண்டும் நிரப்பிக்கொண்டிருந்த வேளையில் உயிரிழந்தார். அந்நிகழ்ச்சி அந்நாட்டுக் காவல் துறையினர் அனைவர் நெஞ்சிலும் ஆறாத வடுவாயிற்று. தோட்டாக்களை ஒரே வீச்சில் நிரப்பும் கருவிகளும் புதிய பயிற்சி முறைகளும் அதன் பின்னரே பரவலாயின.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1967ஆம் ஆண்டில், இல்லினாய் மாநிலக் காவல் துறையினர் 9 மில்லிமீட்டர் தானியங்கிக் கைத்துப்பாக்கியை ஏற்றுக்கொண்டிருந்தனர். பிஸ்டல் என்று நாம் வழங்கும் இவ்வகையில் சுழலும் உருளை இல்லை. தோட்டாக்கள் ஒரு தகட்டுக் கூட்டில் அடுக்கப்பட்டுக் கைப்பிடிக்குள் செருகப்படும். ஒரு குண்டு வெளியேறும் விசையே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். கூடு காலியானால் அதனை உருவி எறிந்துவிட்டு, நிரம்பிய கூடு ஒன்றைச் செருகினால் போதும். எனினும் பெரும்பாலான துறைகள் பழைய சுழல் துப்பாக்கியை விட மனமின்றி இருந்தன. 'தானியங்கி சிக்கிக்கொள்ளும், சுழல் துப்பாக்கி சிக்காது' என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

அந்தத் தயக்கத்தை உடைத்தது 1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11ஆம் நாள். அன்று மயாமி நகரில், எஃப்.பி.ஐ. எனப்படும் நடுவண் புலனாய்வுத் துறையைச் சேர்ந்த எண்மர், வங்கிக் கொள்ளையர் இருவரை வழிமறித்தனர். எண்மர் ஒருபுறம், இருவர் ஒருபுறம். ஆயினும் ஐந்து நிமிடங்களுக்குள் அதிகாரிகள் இருவர் மடிந்தனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையர் இருவரும் இறுதியில் இறந்தனர் என்பது உண்மையே. ஆனால் அவர்களுள் ஒருவன் தொடக்கத்திலேயே மார்பில் குண்டடி பட்டும், அக்குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டதால், பல குண்டுகளைச் சுடும் வலிமையோடு இருந்தான். அதிகாரிகளுள் பெரும்பாலோர் கையில் இருந்தவை சுழல் துப்பாக்கிகள். 'இனி அவை போதா' என்ற எண்ணம் நாடெங்கும் உறுதிப்பட்டது.

மாணவர்களே, ஒரு நாட்டில் தேவை எழும் வேளையில் மற்றொரு நாட்டில் சரக்கு ஆயத்தமாக இருப்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஆஸ்திரியா நாட்டில் காஸ்டன் கிளாக் என்னும் பொறியாளர் ஒருவர் இருந்தார். திரைச்சீலை தொங்கவிடும் கம்பிகளும் கத்திகளும் செய்துவந்த அவர், அதற்குமுன் துப்பாக்கி ஏதும் செய்தவரல்லர். அந்நாட்டுப் படையினர் தம் பழைய கைத்துப்பாக்கிகளை மாற்ற விரும்புகின்றனர் என அறிந்து, வல்லுநர் சிலரைக் கலந்து, புதியதொரு துப்பாக்கியை உருவாக்கினார். அதன் கைப்பிடிச் சட்டம் இரும்பால் ஆனதன்று. உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனது. அதனால் எடை குறைந்தது. கூட்டில் 17 தோட்டாக்கள் கொள்ளும். 1982ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் படை அதனை ஏற்றது. மயாமி நிகழ்ச்சி நடந்த ஆண்டை ஒட்டியே அத்துப்பாக்கி அமெரிக்கச் சந்தையில் நுழைந்தது. ஆறு எங்கே, பதினேழு எங்கே! சில ஆண்டுகளில் நகரம் நகரமாகக் காவல் துறைகள் அதனை வாங்கலாயின.

வாங்குவதற்குப் பணம் வேண்டுமே! அமெரிக்காவில் காவல் துறை ஒன்றே ஒன்று அன்று. ஊருக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என ஏறத்தாழ 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் அங்கே உள்ளன. சிற்றூர்த் துறைகளின் பணப்பெட்டி எப்போதும் மெலிந்ததே. இங்கேதான் நம் பேரீச்சம்பழ வணிகரின் உபாயம் கடல் கடந்து தோன்றுகிறது. 'உங்கள் பழைய துப்பாக்கிகளை எங்களிடம் கொடுங்கள். அவற்றின் மதிப்பைக் கழித்துக்கொண்டு புதியவற்றைத் தருகிறோம்' என்றனர் விற்பனையாளர். சில வேளைகளில் ஒன்றுக்கு ஒன்று என்று, பணமே வாங்காமலும் மாற்றிக் கொடுத்தனர்.

இதனால் விற்பனையாளருக்கு என்ன ஆதாயம் என்று நீங்கள் கேட்கலாம். காவலனுடைய துப்பாக்கி நாள் முழுதும் உறையில் கிடக்கிறது. பயிற்சிக் களத்தில் மட்டுமே பெரும்பாலும் சுடப்படுகிறது. எனவே வெளிப்புறம் தேய்ந்து மெருகு குன்றியிருக்கும்; உட்புறமோ புதிதுபோல் இருக்கும். 'போலீசார் பயன்படுத்தியது' என்ற பெயரே வாங்குவோர் உள்ளத்தில் நம்பிக்கையை ஊட்டும். விற்பனையாளர் அவற்றை மொத்தமாக எடுத்து, உரிமம் பெற்ற கடைக்காரர்களுக்கு அனுப்புவர். கடைக்காரர் பொதுமக்களுக்கு விற்பர். யாவும் சட்டப்படியே நடைபெறும்.

1994ஆம் ஆண்டில் இவ்வணிகத்துக்கு எதிர்பாராத ஓர் ஊக்கம் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 13ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நடுவண் சட்டம் ஒன்று, பத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும் கூடுகளைப் புதிதாகச் செய்து பொதுமக்களுக்கு விற்பதைத் தடுத்தது. வன்முறையைக் குறைப்பதே அச்சட்டத்தின் நோக்கம். ஆனால் அந்நாளுக்கு முன்னரே செய்யப்பட்ட கூடுகளை விற்பதற்குத் தடையில்லை. காவல் துறையினர்க்கும் தடையில்லை. விளைவு என்ன? பழைய பெரிய கூடுகளின் விலை சந்தையில் ஏறிற்று. அவை மிகுதியாக இருந்த இடம் காவல் நிலையங்கள்! துறையிடமிருந்து பழைய துப்பாக்கியையும் கூடுகளையும் வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுப்பது விற்பனையாளருக்கு நல்ல வாணிகமாயிற்று. மக்கள் கைக்குப் போகக் கூடாது என்று சட்டம் கருதிய பொருள், அச்சட்டத்தைக் காக்க வேண்டியவர் கை வழியாகவே மக்களிடம் சென்றது. பத்து ஆண்டுகளுக்கென இயற்றப்பட்ட அச்சட்டம் 2004ஆம் ஆண்டில் காலாவதியாயிற்று.

மாற்றம் ஒருமுறையோடு நிற்கவில்லை என்பதையும் காண வேண்டும். மயாமி நிகழ்ச்சிக்குப்பின் எஃப்.பி.ஐ. 10 மில்லிமீட்டர் துப்பாக்கியை நாடிற்று. அதன் உதைப்பு பலர் கைக்கு ஒவ்வவில்லை. 1990ஆம் ஆண்டில் .40 அங்குலத் தோட்டா வெளிவந்தது. துறைகள் பலவும் அதனை நோக்கி ஓடின. பின்பு தோட்டாவின் அமைப்பு திருந்தவே, 9 மில்லிமீட்டரே போதும் என்று கருத்து மாறியது, எஃப்.பி.ஐ. 2016ஆம் ஆண்டில் மீண்டும் 9 மில்லிமீட்டர்த் துப்பாக்கிக்கே ஒப்பந்தம் செய்தது. துறைகள் பலவும் அவ்வழியே திரும்பின. ஊர்க் காவல் துறைகளில் இத்தகைய மாற்றம் நேரும் ஒவ்வொரு முறையும், முந்திய துப்பாக்கிகள் குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்தன. நியூயார்க் நகரமோ மெல்லவே நடந்தது. 1993ஆம் ஆண்டில் தானியங்கியை ஏற்ற அந்நகரக் காவல் துறையில், கடைசிச் சுழல் துப்பாக்கிகள் விடைபெற்றது 2018ஆம் ஆண்டில்தான்.

சரி, கடைக்குச் சென்ற துப்பாக்கிகள் எங்கே சென்றன? இனிதான் கதையின் இருண்ட பகுதி.

1998ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 30ஆம் நாள், நியூ ஆர்லியன்ஸ் நகரம் துப்பாக்கி உற்பத்தியாளர்கள்மீது வழக்குத் தொடுத்தது. அந்நாட்டில் இத்தகைய வழக்கைத் தொடுத்த முதல் நகரம் அதுவே. மேயர் மார்க் மோரியல் அதனை முன்னின்று நடத்தினார். துப்பாக்கிகள் பாதுகாப்பின்றிச் செய்யப்படுகின்றன. அதனால் நகரத்துக்குப் பெருஞ்செலவு நேருகின்றது என்பது அவர் முறையீடு. ஆனால் விரைவிலேயே ஒரு செய்தி வெளிப்பட்டது. அதே நகரத்தின் காவல் துறை, குற்றவாளிகளிடமிருந்து கைப்பற்றியவற்றையும் சேர்த்து 7,000க்கும் மேற்பட்ட பழைய துப்பாக்கிகளைக் கொடுத்து, புதிய துப்பாக்கிகளைப் பெற்றிருந்தது! அவற்றைத் தம் மாநிலத்தில் விற்கக் கூடாது என்று மட்டும் நிபந்தனை விதித்திருந்தனர். நம் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாயிலில் கொட்டுவது போன்றதன்றோ இது? வழக்குத் தொடுத்தவரே வாணிகமும் செய்தார் என்று எதிர்த்தரப்பினர் எள்ளி நகையாடினர். இறுதியில் அவ்வழக்கு இதனால் தோற்கவில்லை. 1999ஆம் ஆண்டில் மாநில மன்றம் இயற்றிய சட்டம் ஒன்றைக் காட்டி, 2001ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. ஆயினும் நகரத்தின் சொல்லுக்கு இருந்த வலிமை அதற்கு முன்பே குன்றிவிட்டது.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. 1999ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் யூதச் சமூக நிலையம் ஒன்றில் இனவெறியன் ஒருவன் புகுந்து சுட்டதில் ஐவர் காயமுற்றனர். அவர்களுள் மூவர் சிறு குழந்தைகள். அங்கிருந்து தப்பிச் சென்ற அவன், வழியில் கடிதங்களை வழங்கிக்கொண்டிருந்த தபால்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து சென்று குடியேறிய எளிய குடும்பத்தவர் அவர். அவர் உயிரைக் குடித்த கைத்துப்பாக்கியின் எண்ணைக் கொண்டு அதன் வரலாற்றை ஆராய்ந்தபோது, அது முதன்முதலில் வாஷிங்டன் மாநிலத்தில் காஸ்மோபோலிஸ் என்னும் சிற்றூரின் காவல் துறைக்குரியதாக இருந்தது தெரியவந்தது. அத்துறை அதனை வேறொன்றுக்கு மாற்றிக்கொண்டது. அது கை மாறிக் கை மாறி, சட்டப்படி துப்பாக்கியைத் தொடவே தகுதியற்ற ஒருவன் கையில் சேர்ந்தது. அந்தச் சிற்றூர்க் காவலர்கள் தீய நோக்கம் கொண்டவர்களா? இல்லை. சட்டத்தை மீறினார்களா? இல்லை. ஆயினும் ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு தாய் தன் மகனை இழந்தாள்.

அக்குடும்பத்தார் உற்பத்தியாளர்மீது தொடுத்த வழக்கை 2003ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு மன்றம் ஒன்று விசாரணைக்கு ஏற்றது. ஆனால் 2005ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம், துப்பாக்கிகள் குற்றத்தில் பயன்பட்டதற்காக அவற்றைச் செய்தவர்மீதும் விற்றவர்மீதும் பெரும்பாலான வழக்குகளைத் தொடுக்க இயலாதவாறு சட்டம் செய்தது. 2009ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு மன்றத்தில் அவ்வழக்கு தோற்றது.

இவை தனித்த நிகழ்ச்சிகளா, ஒரு பெரும் போக்கின் அடையாளங்களா? நெடுங்காலம் இதற்கு விடை சொல்ல இயலவில்லை. ஏனெனில், குற்ற இடங்களில் அகப்படும் துப்பாக்கிகளைப் பற்றிய விவரங்களை வெளியிடுவதற்கு 2003ஆம் ஆண்டு முதல் சட்டமே தடையாக இருந்தது. பத்திரிகையாளர் நீதிமன்றம் வரை சென்று போராடிப் பெற்ற புள்ளிவிவரங்கள் 2024ஆம் ஆண்டில் வெளியாயின. 2006ஆம் ஆண்டுக்குப்பின், முன்னர்க் காவல் துறைகளுக்கு உரியவாய் இருந்த 52,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் குற்ற விசாரணைகளில் அகப்பட்டிருந்தன என்று அவை காட்டின. வரலாறு பயில்வோர் எண்களை நிதானத்தோடு கையாள வேண்டும். இவற்றுள் சில திருடப்பட்டவையாகவும் தொலைந்தவையாகவும் இருக்கக்கூடும். விசாரணைக்காக எண் ஆராயப்பட்ட ஒவ்வொரு துப்பாக்கியும் கொலைத் துப்பாக்கியும் அன்று. எனினும் 52,000 என்பது கண்ணை மூடிக்கொண்டு கடந்து செல்லத்தக்க எண்ணன்று.

மறுதரப்பின் வாதத்தையும் கேட்பதே நேர்மை. அவர்கள் சொல்வது இது: 'துப்பாக்கி அந்நாட்டில் சட்டப்படி விற்கப்படும் பொருள். கடைக்காரர், வாங்குவோரின் தகுதியை ஆராய்ந்தே விற்கிறார். பழையது கிடைக்காவிடில் வாங்குவோர் புதியதை வாங்கப் போகிறார்; ஆகவே பழையதை அழிப்பதால் துப்பாக்கி குறையப் போவதில்லை. மாறாக, வரி கொடுப்போர் பணம் மிச்சமாகிறது. காவலர்க்கு நல்ல ஆயுதம் கிடைக்கிறது.' கென்டக்கி மாநிலச் சட்டம் கைப்பற்றிய துப்பாக்கிகளை ஏலம் விடவே பணிக்கிறது. அப்பணம் காவலர்க்குக் குண்டு துளைக்காத கவச உடைகள் வாங்கப் பயன்படுகிறது. கவச உடை ஒரு காவலனின் உயிரைக் காக்கும் என்பதை எவர் மறுக்க முடியும்? நியூஹாலிலும் மயாமியிலும் மடிந்தவர்களை நினைத்தால், நல்ல ஆயுதத்துக்காக அலைந்த துறைகளைப் பழிக்கவும் மனம் வரவில்லை.

மறுபுறம், பன்னாட்டுக் காவல் தலைவர் சங்கம் 1998ஆம் ஆண்டிலேயே துப்பாக்கிகளை மீண்டும் விற்காமல் அழித்துவிடுமாறு பரிந்துரைத்தது. சில நகரங்கள் அவ்வாறே செய்கின்றன. அழிப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அந்நாட்டுச் சட்டத்தில் துப்பாக்கி என்று கருதப்படுவது, எண் பொறித்த ஒரு பகுதி மட்டுமே. அப்பகுதியை மட்டும் நொறுக்கிவிட்டு, எஞ்சிய உறுப்புகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி விற்கும் நிறுவனங்களும் உள்ளன என்பது 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. அழித்துவிட்டோம் என்று நகரத்தார் நிம்மதியாக உறங்கினர். உறுப்புகளோ அஞ்சலில் பயணம் செய்துகொண்டிருந்தன!

பள்ளிக்கூடத்து மனிதனாகிய நான் ஏன் இந்தத் துப்பாக்கிக் கதையைத் தேர்ந்தேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், ஓராண்டு, ஆய்வுக்கூடத்துப் பழம்பொருள்களைக் கழிக்க வேண்டியிருந்தது. உடைந்த தராசுகள், கருகிய அடுப்புகள், பழைய கண்ணாடிக் குப்பிகள் என்று ஒரு நீண்ட பட்டியல் ஆயத்தமாயிற்று. நான் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டேன். முறைப்படி ஏலம் நடந்தது. பழம்பொருள் வணிகர் ஒருவர் எடுத்துச் சென்றார். தொகை கணக்கில் ஏறியது. ரசீது கோப்பில் சேர்ந்தது. ஒரு வாரம் சென்றபின் எனக்குச் செய்தி வந்தது. அக்குப்பிகளுள் ஒன்றின் அடியில் அமிலம் சற்றே தங்கியிருந்திருக்கிறது. அந்த வணிகரிடம் வேலை செய்த ஒரு சிறுவன், கழுவுவதற்காக அதனைக் கவிழ்த்திருக்கிறான், கை வெந்துவிட்டது.

நான் மருத்துவமனைக்குச் சென்று அவனைப் பார்த்தேன். பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவன். என்னைக் கண்டதும் எழுந்து நிற்க முயன்று, "வணக்கம், ஐயா" என்றான். கட்டுப் போட்டிருந்த கையைக் குவிக்க முடியவில்லை. மற்றொரு கையை மட்டும் நெற்றிக்கு உயர்த்தினான். அவன் கண்களுக்கு ஒன்றும் நேராதது இறைவன் அருள். எவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கோப்பில் ஒரு குறையும் இல்லை. விதிகள் கேட்டவை அனைத்தையும் நான் செய்திருந்தேன். 'குப்பியின் அடியில் என்ன இருக்கிறது?' என்று மட்டும் நான் கேட்கவில்லை. விதியும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை.

அமெரிக்கச் சிற்றூர்க் காவல் துறையைப் பற்றிப் படித்தபோது, எனக்கு அந்தச் சிறுவனின் கட்டுப் போட்ட கைதான் நினைவுக்கு வந்தது. அந்தக் காவல் தலைவரைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. அவரும் பட்டியலில் கையொப்பமிட்டிருப்பார். அவர் கோப்பும் குறையின்றி இருந்திருக்கும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை அலுவலகங்களில் அமர்வீர்கள், ஆலைகளை நடத்துவீர்கள், மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பணியாற்றுவீர்கள். 'இது பழையது, கழித்துவிடலாம்' என்று ஒரு தாள் உங்கள் மேசைக்கு வரும். அப்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இப்பொருளுக்கு வயதாகிவிட்டது, ஆனால் அதன் ஆற்றல் தீர்ந்துவிட்டதா? இதனை வாங்குபவருக்குப் பின் வாங்குபவர் யார்? இதில் எனக்கு மிச்சமாகும் பணத்துக்கு வேறு எவரேனும் விலை கொடுக்க நேருமா? ரூஸ்வெல்ட் தம் காவலர்க்கு ஒரே வகைத் துப்பாக்கியை அளித்தபோது, ஆயுதம் துறையின் பொறுப்பு என்று நிலைநாட்டினார். அப்பொறுப்பு துப்பாக்கியை வாங்கும் நாளில் தொடங்குகிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அது எந்த நாளில் முடிகிறது என்பதே கேள்வி. விற்ற நாளில் முடிகிறது என்று ரசீது சொல்லும். அந்தத் தபால்காரரின் வீட்டார் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அச்சிறுவன் பின்னர் எங்கள் பள்ளியிலேயே மீண்டும் சேர்ந்தான். வலக்கையின் இரு விரல்கள் சரியாக மடங்காமையால் இடக்கையால் எழுதப் பழகினான். அவனுடைய எழுத்து வகுப்பில் பலருடைய எழுத்தைவிட நன்றாக இருந்தது என்பதை மகிழ்ச்சியோடு சொல்லி, விடைபெறுகிறேன்.